வானொலி வளர்த்த ராக்

நேயர்களுக்கு வணக்கம்.

லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழு பிபிசி வானொலிக்காக நேரடியாக வாசித்த பதிவுகளின் தொகுப்பு, 'பிபிசி செஷன்ஸ்'. அதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1997 நவம்பரில் இரண்டு சிடிகளாக வெளிவந்தது. ஹார்ட் ராக்கின் நேரடி ஆல்பங்களில் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான்.

1960களில் பிபிசி நினைத்த நேரமெல்லாம் இசைத்தட்டு போட முடியாது. இத்தனை மணி நேரம்தான் என்று இசைத்தட்டு நிறுவனங்களோடும் இசைக் கலைஞர்கள் சங்கத்தோடும் ஒப்பந்தம் இருந்தது. அதனால் குழுக்களை ஸ்டுடியோவுக்கே வரவழைத்து வாசிக்க வைத்தார்கள். கலைஞர்களின் பிழைப்புக்காக வந்த அந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால் இந்த ஆல்பமே கிடையாது.

முதல் சிடி முழுக்க 1969. அதில் 'கம்யூனிகேஷன் பிரேக்டவுன்' மூன்று முறை வருகிறது. ஒரே பாட்டு எதற்கு மூன்று தடவை என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். மூன்றுமே ஜூன் 16-க்கும் 27-க்கும் இடையில் பதிவானவை. அடிப்படை கிட்டார் வரி அதேதான். ஆனால் நடுவில் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ் தனியாக வாசிக்கும் இடத்தைக் கவனியுங்கள், ஒவ்வொரு முறையும் வேறு பாதையில் போகிறார். பாடகர் ராபர்ட் பிளான்ட்டும் அப்படித்தான், கடைசிக் கூவல்களை அந்தந்த நிமிடத்தில் முடிவு செய்கிறார். மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற குழு இல்லை இது.

அதே ஜூனில் 'ஹோல் லாட்டா லவ்'வும் பதிவானது. அது இடம்பெற்ற ஆல்பம் அக்டோபரில்தான் கடைக்கு வந்தது.

இரண்டாவது சிடி, 1971 ஏப்ரல் 1 அன்று லண்டன் பாரிஸ் தியேட்டரில் நடந்த கச்சேரி. பிளான்ட்டுக்குத் தொண்டை சரியில்லாததால் முதலில் குறித்த தேதியைத் தள்ளிவைத்து நடத்தியது. அறிமுகம் செய்தவர் பிபிசி வானொலி அறிவிப்பாளர் ஜான் பீல். 'ஸ்டேர்வே டு ஹெவன்' அப்போது இசைத்தட்டாக வரவில்லை, நவம்பரில்தான் வந்தது. பின்னாளைய கச்சேரிகளில் முதல் நான்கு ஸ்வரத்துக்கே அரங்கம் அதிரும். இங்கே அந்த ஆரவாரம் இல்லை. புதுப் பாட்டைக் கேட்கிற கூட்டம், கவனமாகக் கேட்கிறது. அந்தப் பாட்டைச் சலிக்கச் சலிக்கக் கேட்டவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பதிவைத்தான்.

அப்புறம், 2016-இல் மூன்றாவது சிடியையும் சேர்த்து மறுபடி வெளியிட்டார்கள். அதில் 'சன்ஷைன் வுமன்' என்றொரு பாட்டு. குழுவின் எந்த ஸ்டுடியோ ஆல்பத்திலும் இல்லாதது. 1969-இல் பதிவான அந்த நிகழ்ச்சியின் மூல நாடா தொலைந்துபோனது. ஒலிபரப்பானபோது வீட்டில் டேப்பில் பிடித்துவைத்த நேயரால்தான் அது மிஞ்சியது. ஒலி சுமார்தான், இரைச்சல் இருக்கிறது. பரவாயில்லை என்று பேஜ் அதைச் சேர்த்தது சரியான முடிவு. ஜான் போனமின் டிரம்ஸ் அந்த இரைச்சலையும் மீறிக் கேட்கிறது.

நன்றி, வணக்கம்.