ரெட் ஆற்றின் கிழக்குக் கரையில் ஒரு பிரெஞ்சு வானொலி

[திரையில்: கனடாவின் மனிட்டோபா மாகாண வரைபடம்]

ரெட் ஆற்றின் மேற்குக் கரையில் ஆங்கிலம் பேசும் வினிபெக். கிழக்குக் கரையில் பிரெஞ்சு பேசும் செயின்ட் போனிஃபாஸ். மேற்குக் கனடாவின் முதல் பிரெஞ்சு வானொலி நிலையமான சி.கே.எஸ்.பி, 1946 மே 27 அன்று இந்தக் கிழக்குக் கரையில்தான் ஒலிக்கத் தொடங்கியது. திறன் 1,000 வாட். அதற்கே ஊர் திருவிழாக் கோலம் பூண்டிருந்தால் வியப்பில்லை. காரணம் 1916இல் இருக்கிறது.

[திரையில்: கிராமத்துப் பள்ளி வகுப்பறை]

அந்த ஆண்டு மாகாண அரசு இருமொழிப் பள்ளிகளை ஒழித்தது. இனிப் பாடம் ஆங்கிலத்தில் மட்டும். சட்டம் அப்படிச் சொன்னாலும் பிரெஞ்சுக் கிராமங்களில் பிரெஞ்சுப் பாடம் நிற்கவில்லை. பள்ளி ஆய்வாளர் வருகிறார் என்ற தகவல் எட்டியதும் பிரெஞ்சுப் புத்தகங்கள் மாயமாகும், மேசைமேல் ஆங்கிலப் புத்தகங்கள் முளைக்கும். அவர் கிளம்பிப் போனதும் விட்ட இடத்திலிருந்து பாடம் தொடரும். ஆசிரியர், பிள்ளைகள், பெற்றோர் என எல்லோரும் இந்த நாடகத்துக்கு உடந்தை.

ஆனால் வானொலியிடம் இந்தத் தந்திரம் பலிக்கவில்லை. வகுப்பறையில் ஒளித்துக் காத்த மொழியை, வீட்டுக் கூடத்தில் இருந்த பெட்டி ஆங்கிலத்தில் பேசிப் பேசியே கரைத்தது. 1930களில் பொது ஒலிபரப்பில் அவ்வப்போது வந்த பிரெஞ்சு நிகழ்ச்சிகளுக்கே மேற்கு மாகாணங்களில் பலத்த எதிர்ப்பு கிளம்பியது.

சொந்த நிலையம் வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் நன்கொடை திரட்டினார்கள். கத்தோலிக்கத் திருச்சபை பின்னால் நின்றது, பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாண மக்களும் பணம் கொடுத்தார்கள். அன்று தனியார் நிலையங்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரம், தானும் வானொலி நடத்திய பொது நிறுவனமான கனடிய ஒலிபரப்புக் கழகத்திடமே இருந்தது. ஆட்டக்காரரே நடுவராகவும் இருந்த விசித்திரமான ஏற்பாடு!

[திரையில்: எட்மன்டன், கிராவல்பர்க், சஸ்கடூன்]

மேற்குக் கனடாவின் இந்த மூன்று ஊர்களிலும் அடுத்தடுத்துப் பிரெஞ்சு நிலையங்கள் தோன்றின: 1949இல் ஒன்று, 1952இல் இரண்டு. ஆனால் நேயர்கள் குறைவு என்றால் விளம்பரமும் குறைவுதான். நன்கொடையால் நிலையத்தைக் கட்டலாம், மாதாமாதம் சம்பளம் போடுவது வேறு கதை. 1972இல் செயின்ட் போனிஃபாஸ் வினிபெக் மாநகரத்தோடு இணைக்கப்பட்டது. மறு ஆண்டே சி.கே.எஸ்.பி கனடிய ஒலிபரப்புக் கழகத்தின் பிரெஞ்சுப் பிரிவான ரேடியோ கனடாவின் கைக்குப் போனது.

விற்றது தவறு என்று நான் சொல்ல மாட்டேன், நிலையம் பிழைத்தது. ஆனால் காசு போட்டவர்களிடமிருந்து அது விலகிப் போனது. மக்களே நடத்தும் வானொலி மீண்டும் வர 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு 91.1 எஃப்.எம்.மில் 'ஆன்வோல்' என்ற சமுதாய வானொலி செயின்ட் போனிஃபாஸில் தொடங்கியது.