ஒரு வாய்தானே!

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நாய் வளர்க்கிற வீடுகளில் இந்தப் பேச்சு சாதாரணம்: "மாத்திரை கொடுத்தா நிக்குது, பத்து நாள்ல திரும்பக் கழியுது." விட்டுவிட்டாவது மூன்று வாரம் தாண்டினால் அது நாள்பட்ட கழிச்சல். வழக்கமாகக் கொடுக்கிற மெட்ரோனிடசோல் மாத்திரை அதை நிறுத்திக் காட்டும், காரணத்தைத் தொடாது. குடலின் நல்ல கிருமிகளையும் கலைத்துவிடும்.

முதலில் எப்படிக் கழிகிறது என்று பாருங்கள். நாளைக்கு இரண்டு மூன்று தடவை, தடவைக்கு நிறைய, உடம்பும் இளைக்கிறது என்றால் பெரும்பாலும் சிறுகுடல். ஏழெட்டுத் தடவை, முக்கி முக்கிக் கொஞ்சம், கூடவே சளி, கடைசியில் சிவப்பாகச் சொட்டு ரத்தம், எடை மட்டும் குறையவில்லை என்றால் பெருங்குடல். தார் மாதிரிக் கறுப்பாகப் போனால் மேலே எங்கோ ரத்தம் கசிகிறது, அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். எடை பார்ப்பது சுலபம். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு உங்கள் எடையைக் கழியுங்கள். வாரம் ஒரு தடவை, காலண்டரிலேயே குறியுங்கள்.

அடுத்து மலப் பரிசோதனை. ஒரு நாள் பார்த்து 'ஒன்றுமில்லை' என்றால் நம்பிவிடாதீர்கள், ஜியார்டியா என்கிற குடல் ஒட்டுண்ணி தினமும் வெளியே வராது. மூன்று தனித்தனி நாள் கொடுங்கள். மருத்துவர் ஃபென்பெண்டசோல் என்கிற பூச்சி மருந்து எழுதினால் கிலோவுக்கு 50 மில்லிகிராம், தினம் ஒரு தடவை, மூன்று முதல் ஐந்து நாள். ஒரு நாளோடு நிறுத்தினால் வீண்.

புழுவோ ஜியார்டியாவோ இல்லையென்றானதும் சாப்பாட்டை மாற்றிப் பார்ப்பது. ஸ்டீராய்டுக்கு முன்னால் இதுதான். பாதிக்கு மேற்பட்ட நாய்கள் இதிலேயே தேறுகின்றன. கோழியிலேயே வளர்ந்த நாய்க்கு, முள் நீக்கி வேகவைத்த மீன் ஒரு பங்கு, குழைந்த சோறு இரண்டு பங்கு. உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. மூன்று நான்கு வேளையாகப் பிரித்து, இரண்டு வாரம், வேறு எதுவும் இல்லாமல்.

அந்த 'வேறு எதுவும்' இருக்கிறதே! ஆச்சி காப்பி குடிக்கும்போது ஒரு பிஸ்கட். ஐயா சாப்பிட்ட இலையில் ஒட்டிய கோழிக் குழம்பு. விசேஷத்துக்கு வந்த பிள்ளைகள் நீட்டும் சீப்புச் சீடை. எதிர்வீட்டுப் பால். கேட்டால், "ஒரு வாய்தானே!" அந்த ஒரு வாயால் நாள் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். கோழி வாசனை சேர்த்த மாத்திரையும் இதில் சேர்த்தி. முகப்பிலேயே எழுதி ஒட்டுங்கள். திரும்பச் சொல்கிறேன், இரண்டு வாரம், ஒரு வாய்கூட இல்லை. தேறிய பிறகு பழைய சாப்பாட்டைக் கொடுத்துப் பாருங்கள். திரும்பக் கழிந்தால் காரணம் அதுதான். மீன்சோறே நிரந்தரம் என்று விட்டுவிடாதீர்கள், அதில் சுண்ணாம்புச் சத்து போதாது. வளரும் குட்டிக்கு இந்தச் சோதனையை மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். கணையத்துக்குத்தான் நேரம் இல்லாமல் போயிற்று. அகோரப் பசி, அப்படியும் எலும்பும் தோலும், வெளிறிப் பிசுபிசுத்த மலம், அதிலும் ஜெர்மன் ஷெப்பர்ட் என்றால், கணையம் செரிமான நொதியைப் போதுமான அளவு சுரக்கிறதா என்று காட்டும் டி.எல்.ஐ. ரத்தப் பரிசோதனை கேளுங்கள். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். கணையக் குறைதான் என்றால் ஆயுளுக்கும், ஒவ்வொரு வேளைச் சோற்றிலும் நொதித்தூள் கலக்க வேண்டும். பி12 அளவையும் பார்த்துவிடுங்கள், குறைந்திருந்தால் ஊசி உண்டு. வணக்கம்.