நிலத்துக்கேற்ற கருவி

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, என் தகுதிக்கு மீறி என்னை அறிமுகம் செய்த இயற்பியல் துறைத் தலைவர் அம்மையார் அவர்களே, பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தந்த மன்றச் செயலாளர் அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

கருந்துளைகள் மோதும்போது எழுந்து வெளியையே சற்று நீட்டிச் சுருக்கும் ஈர்ப்பு அலைகளைப் பிடிக்கும் குறுக்கீட்டுமானிகள் ஏன் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை என்பதை நிலம், ஆடி, விண்வெளி என்ற மூன்று தலைப்புகளில் சொல்ல வந்திருக்கிறேன். ஊருடன் பகைக்கின் வேருடன் கெடும் என்பார்கள். கருவிக்கும் அது பொருந்தும்.

லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்துச் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு நீண்ட பாதைகளில், அதாவது கருவியின் ‘கைகளில்’ செலுத்தி, திரும்பி வருவதைச் சேர்த்துப் பார்ப்பதே எல்லாவற்றுக்கும் அடிப்படை. அமெரிக்க லைகோவின் ஒவ்வொரு கையும் 4 கிலோமீட்டர். கைக்குள் எதிரெதிர் ஆடிகளுக்கிடையே ஒளி ஏறத்தாழ 300 முறை சென்று திரும்புகிறது. ஜெர்மனியின் ஜியோ600 கருவிக்கு இடம் குறைவு. 600 மீட்டர்க் கைக்குள் ஒளியை ஒருமுறை மடித்து அனுப்புவதோடு சரி. இத்தாலியின் விர்கோ, நில அதிர்வு எட்டாதபடி ஆடிகளை நெடிய ஊசல் தொடரில் தொங்கவிட்டிருக்கிறது. ஜப்பானின் காக்ராவோ கமியோகா மலைக்கடியிலேயே புகுந்துகொண்டது. அங்கே வெப்ப நடுக்கத்தை அடக்க ஆடிகளை 20 கெல்வின் (ஏறத்தாழ −253 டிகிரி செல்சியஸ்) அளவுக்குக் குளிரூட்டத் திட்டமிட்டார்கள். அந்தக் குளிருக்கு லைகோ ஆடிகளின் சிலிக்காக் கண்ணாடி ஒத்துவராது என்பதால் நீலக்கல் ஆடிகள்.

2017இல் அமெரிக்காவில் லைகோவின் ஹான்ஃபோர்டு நிலையத்தில் நடந்ததைக் கேளுங்கள். லைகோ பதிவுகளில் இனம் தெரியாத துடிப்புகள் வந்துகொண்டிருந்தன. வெளியே போய்ப் பார்த்தால், திரவ நைட்ரஜன் அமைப்பின் குழாயில் படிந்திருந்த உறைபனியில் அலகுக் கொத்தல்கள். பானையில் கூழாங்கல் போட்ட நம் காக்கையின் உறவினரான அண்டங்காக்கைகள், தாகத்துக்குப் பனியைக் கொத்தியிருக்கின்றன! கருந்துளைகளின் மோதலுக்குக் காத்திருந்த கருவி காக்கை கொத்தியதையும் எழுதி வைத்திருக்கிறது. ஆய்வாளர்கள் தாங்களே பனியைத் தட்டிப் பார்த்து, அதே துடிப்பு வருவதை உறுதிசெய்துகொண்டு, பனி படியாதபடி குழாயைத் திருத்தினார்கள். காக்கையோடு சண்டைக்குப் போகவில்லை. ஊருடன் பகைக்கின் வேருடன் கெடும்.

மகாராட்டிரத்தின் ஹிங்கோலியில் 4 கிலோமீட்டர்க் கைகளோடு லைகோ-இந்தியா அமைக்க 2023இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆடியின் திருகாணியை மயிரிழை நகர்த்தி, ஒளியும் இருளுமான வரிகள் தெளியும்வரை பொறுத்திருக்கத் தெரிந்த கைகள் அதற்கு வேண்டும். நான் சென்ற ஒரு கல்லூரியிலோ இவற்றின் மேசையளவு முன்னோடியான மைக்கெல்சன் குறுக்கீட்டுமானி, ‘மாணவர் தொடக் கூடாது’ என்ற சீட்டோடு அலமாரியில் பூட்டிக் கிடந்தது.

கைக்கு 25 லட்சம் கிலோமீட்டர் என விண்வெளியில் அமையவிருக்கும் லீசாவைப் பற்றிப் பேச நேரமில்லை; தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முதல்வர் அவர்களுக்கு ஒரே விண்ணப்பம்: வாரம் ஒரு பிற்பகலாவது உங்கள் கல்லூரிக் குறுக்கீட்டுமானியை மாணவர் கையில் கொடுங்கள். ஆடி உடைந்தால் அதன் விலையை நான் திரட்டித் தருகிறேன்.