சி ஸ்டேஷன்ல ஊசி ஏன் விலகுச்சு? காம்பஸ் டிராவர்ஸை மேப்பா வரையறது

வணக்கம் நண்பர்களே. காம்பஸும் டேப்பும் வச்சு புள்ளி புள்ளியா அளந்துக்கிட்டே நடக்கறதுக்குப் பேர் டிராவர்ஸ், நின்னு அளக்கற ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஸ்டேஷன். அப்படி ஃபீல்டுல எடுத்த அளவுகளை மேப்பா மாத்துறது எப்படின்னு இன்னிக்குப் பாக்கலாம். ஜிபிஎஸ் இருக்கறப்ப இது எதுக்குன்னு தோணலாம். அடர்ந்த மரத்துக்கு அடியில, குறுகலான ஓடைப் பள்ளத்துல போன் ஜிபிஎஸ் பல மீட்டர் தள்ளிக் காட்டும். நாம தேடற பாறை அடுக்கே 3 மீட்டர்தான்னா அதை வச்சு என்ன பண்றது?

என் கையில இருக்கறது பிரன்டன் காம்பஸ். டேவிட் பிரன்டன்ங்கிற சுரங்கப் பொறியாளர் 1894ல பேட்டன்ட் வாங்கின கருவி. டயலைக் கொஞ்சம் கிட்ட காட்டறேன். கிழக்கும் மேற்கும் இடம் மாறி இருக்கு பாத்தீங்களா? அச்சுப் பிழை இல்ல. நாம திரும்பறப்ப பெட்டிதான் சுத்துது, ஊசி வடக்கப் பாத்தபடியே நிக்குது. எழுத்து மாறி இருக்கறதாலதான் ஊசி முனையில இருக்கற எண்ணை அப்படியே பேரிங்னு, அதாவது வடக்குலேர்ந்து வலப்பக்கமா எண்ணற திசைக் கோணம்னு, எழுதிக்க முடியுது. ஊசி காட்டற வடக்குக்கும் நிஜ வடக்குக்கும் இருக்கற வித்தியாசம்தான் டெக்லினேஷன். அதைக் கிளம்பறதுக்கு முன்னாடியே டயல்ல செட் பண்ணிடுங்க. அப்புறம் அதப் பத்தி யோசிக்கவே வேண்டாம்.

சரி, நோட்டுக்கு வருவோம். ஏ ஸ்டேஷன்லேர்ந்து பி-க்கு பேரிங் 72 டிகிரி, தூரம் 60 மீட்டர், தரை சமம். 60ஐ காஸ் 72ஆல பெருக்கினா வடக்கே 18.5 மீட்டர். சைன் 72ஆல பெருக்கினா கிழக்கே 57.1. கிராஃப் பேப்பர்ல ஏ-வை மூலையில வச்சு இந்த ரெண்டையும் எண்ணிப் புள்ளி வச்சா அதுதான் பி. புரொட்ராக்டர் வச்சும் வரையலாம்தான். ஆனா அதுல ஒரு கோடு லேசா சாஞ்சாலும் பின்னாடி வர்ற ஸ்டேஷன் எல்லாம் சேர்ந்து சாயும். அதனால எனக்குக் கணக்குதான் பிடிக்கும்.

பி-லேர்ந்து சி-க்கு 118 டிகிரி, டேப்புல 50 மீட்டர். ஆனா இது 20 டிகிரி சரிவு. மேப்ங்கறது மேலேர்ந்து பாக்கற படம், அதுல சரிவு நீளத்துக்கு இடமே இல்ல. 50ஐ காஸ் 20ஆல பெருக்குங்க, 47 மீட்டர் வரும். விட்டா 3 மீட்டர் போச்சு.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் திரும்பி நின்னு, விட்டு வந்த ஸ்டேஷனைப் பாத்து பேரிங் எடுங்க, அதுதான் பேக் பேரிங். ரெண்டுக்கும் 180 வித்தியாசம் வரணும். ஏ-பி கோட்டுல 72, 252. சுத்தம். பி-லேர்ந்து சி 118, சி-லேர்ந்து பி பாத்தா 298 வரணும். நோட்டுல இருக்கறது 293. அடுத்த கோடு, சி-லேர்ந்து டி 40. டி-லேர்ந்து திரும்பிப் பாத்தா 225. அங்கயும் 5 இடிக்குது. ரெண்டு கோட்டுக்கும் பொதுவா இருக்கறது சி மட்டும்தான். அப்ப சி-ல நின்னு படிச்சது எல்லாம் 5 டிகிரி குறைச்சல், கூட்டிக்கணும். சி-டி பேரிங் 45. திருத்தாம விட்டா 80 மீட்டர் கோட்டுல டி ஸ்டேஷன் 7 மீட்டர் தள்ளிப் போயிடும்.

பேரிங்கோட இது நிக்காது. சாஞ்ச பாறை அடுக்கு மேல கிடைமட்டமா ஒரு கோடு போட்டா அது போற திசைதான் ஸ்ட்ரைக். பி-ல எடுத்தது 32, சி-ல 27. வெறும் எண்ணைப் பாத்தா அடுக்கு வளையுது, மடிப்பு இருக்குன்னு எழுதத் தோணும். 5 கூட்டினா 32. அடுக்கு நேராத்தான் போகுது! டிப், அதாவது அடுக்கு கீழ சாயற கோணம், 40. அதைத் தொட வேண்டாம். அது நீர்மட்டக் குமிழை வச்சு எடுக்கறது, ஊசிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

ஊசியை இழுத்தது எது? முதல்ல சுத்தியல், பெல்ட் பக்கிள், போன் எல்லாத்தையும் நாலஞ்சு மீட்டர் தள்ளி வச்சுட்டுத் திரும்பப் படிங்க. அப்பவும் 293தான்னா இழுக்கறது தரை. மண்ணைக் கிளறிப் பாருங்க. இங்க கிடைச்சது உருண்டை உருண்டையா வெங்காயத் தோல் மாதிரி உரியற கறுப்புக் கல். சின்னக் காந்தத்தைக் கிட்ட கொண்டு போனா லேசா ஒட்டுது. இது டோலரைட்ங்கிற எரிமலைக் குழம்பு உறைஞ்ச பாறை, அதுல மேக்னடைட்ங்கிற காந்த இரும்புத் தாது இருக்கு. மண்ணுக்கு அடியில ஒரு டைக், அதாவது மத்த பாறையைக் கீறிக்கிட்டு சுவர் மாதிரி நிக்கற குழம்புப் பாறை, ஓடுதுன்னு கண்ணு பாக்கறதுக்கு முன்னாடியே ஊசி சொல்லிடுச்சு. எனக்கு இந்த வேலையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

சுத்தி வந்து ஏ-ல முடிக்கறப்ப மேப்புல கடைசிப் புள்ளி ஏ மேல சரியா உக்காராது. 400 மீட்டர் சுத்துக்கு 4 மீட்டர் இடைவெளின்னா நூத்துக்கு ஒண்ணு, இந்த மாதிரி வேலைக்குப் பரவாயில்ல. இந்த இடைவெளியை பௌடிச் முறைங்கிற வழியில ஒவ்வொரு கோட்டுக்கும் அதோட நீளத்துக்கு ஏத்த மாதிரி பிரிச்சுடலாம், 100 மீட்டர் கோட்டுக்கு 1 மீட்டர். ஆனா சி-யோட 5 டிகிரியைத் திருத்தாம இதைப் பண்ணவே பண்ணாதீங்க. ஒரு ஸ்டேஷன் தப்பை நல்லா இருக்கற ஸ்டேஷனுக்கும் பூசின மாதிரி ஆயிடும், அப்புறம் கண்டுபிடிக்கவே முடியாது.

கடைசியா அடுக்கோட தடிமன். ஏ-பி கோட்டுல 34 மீட்டர்லேர்ந்து 54 மீட்டர் வரைக்கும் களிப்பாறை. 20 மீட்டர் தடிமன்னு எழுதிடாதீங்க. டிப் 40, நாம நடந்த கோட்டுக்கும் ஸ்ட்ரைக்குக்கும் இடையில 72 கழித்தல் 32, அதுவும் 40. 20ஐ சைன் 40ஆல ரெண்டு தடவை பெருக்கினா 8.3 மீட்டர். அதுதான் நிஜத் தடிமன்.

மேப்புல சி பக்கத்துல டைக்கை இப்போதைக்கு விட்டு விட்டு வர்ற கோடாத்தான் போட்டிருக்கேன், ஒரே ஒரு இடத்துலதானே பாத்தோம். இதுக்கு இணையா இன்னொரு டிராவர்ஸ் போய், ஊசி எங்க விலகுதுன்னு பாத்து அது ஓடற திசையைப் பிடிக்கறத அடுத்த வீடியோல காட்டறேன். நன்றி.