எலி நடந்துதா?

நேயர்களுக்கு வணக்கம்.

குமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப்பக்கம் ஒரு பனையேறி. அக்கானி, அதாவது பதநீர், இறக்கப் போன இடத்தில் தளைநார் அறுந்து கீழே விழுந்தார். ஓடி வந்தவர்கள் பதற்றத்தில் அவரைத் தூக்கி உட்கார வைத்து, ஆட்டோவுக்குள் மடக்கித் திணித்துக் கொண்டுபோனார்கள். இந்த ஒன்றை மட்டும் யாரும் செய்யாதீர்கள். 108 வரும்வரை விழுந்தவரின் கழுத்தும் முதுகும் அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. பிசியோதெரபி செய்ய நான் பல வருடம் அவர் வீட்டுக்குப் போனேன். போகும்போதெல்லாம் கேட்பார்: "இதுக்கு எப்போ சார் மருந்து வரும்?"

மருந்தைத் தேடுகிறவர்கள் யார் என்று சொல்கிறேன். என் அக்கா மகள் பெங்களூரில் தண்டுவடக் காயம் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். தண்டுவடம் இரண்டு தவணையில் சாகிறது. விழுந்த அடியில் நசுங்குவது முதல் தவணை. அடுத்து வரும் மணிகளிலும் நாட்களிலும் வீக்கத்தாலும் ரத்த ஓட்டக் குறைவாலும் பக்கத்துச் செல்கள் மடிவது இரண்டாவது. முதலாவதை யாரும் திருப்ப முடியாது. இரண்டாவதைக் குறைக்கலாமா என்றுதான் இவர்கள் எலிகளில் பார்க்கிறார்கள்.

தண்டுவடம் அடிபட்ட எலிக்கு ஆரம்பத்தில் தானாகச் சிறுநீர் போகாது. தினமும் இரண்டு மூன்று வேளை, ஒருவர் அதைக் கையில் பிடித்து, அடிவயிற்றை மெல்ல அமுக்கி வெளியேற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, பொங்கலும் உண்டு. விட்டால் எலி செத்துப்போகும். அதோடு பல மாத உழைப்பும் போகும். "கிறிஸ்துமஸுக்கும் வரல்லியா, அப்படி என்ன வேல?" என்று என் அக்கா போனில் சத்தம் போடுவாள். அவள் எலிக்கு மூத்திரம் எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று அக்காவிடம் எப்படிச் சொல்ல?

உதவித்தொகை முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் மூன்று வருடம் 42,000. கேட்க நல்ல தொகைதான். ஆனால் மாதாமாதம் வராது. ஒரு முறை ஏழு மாதம் வரவே இல்லை. வாடகைக்குத் தோழியிடம் கடன் வாங்கினாள். ஐந்து வருடம் முடிந்தால் அதுவும் நின்றுவிடும். பாதியில் கிடக்கும் பரிசோதனைக்கு அந்தக் கணக்கு தெரியுமா?

பணத்தைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. 'மருந்து வேலை செய்தது' என்றால் கட்டுரை அச்சாகும், வேலை கிடைக்கும். 'வேலை செய்யவில்லை' என்றால் யாரும் சீண்டுவதில்லை. தலையில் அடிபட்டவர்களுக்கு ஸ்டீராய்டு கொடுப்பது உலகமெங்கும் பல வருடம் நடந்த வழக்கம். 10,008 நோயாளிகளை வைத்துச் சோதித்து, அந்த மருந்தால் சாவு கூடுகிறது என்று 2004இல் சொன்ன பிறகுதான் அது நின்றது. எத்தனை உயிரைக் காப்பாற்றிய 'இல்லை' அது! இளையவர்கள் இப்படி ஒரு 'இல்லை'யைச் சொன்னால் அதற்கும் மதிப்பெண் போட வேண்டும். விடுமுறை நாளில் எலியைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஓர் ஆளும் போட வேண்டும். இரண்டுக்கும் பெரிய செலவில்லை.

ஆராய்ச்சியில் பெரியவர்கள் இளையவர்களுக்கு இடம் விட்டுக் கொஞ்சம் ஒதுங்கி நிற்கவும் வேண்டும். நம்ம ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியோ அமெரிக்காவோ, தலைக்காயத்தோடு வருகிறவருக்கு 3 முதல் 15 வரை ஓர் எண் போடுவார்கள்: கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, கை கால் அசைக்கிறாரா என்று பார்த்துப் போடும் கிளாஸ்கோ அளவு. 1974இல் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜெனட் என்ற இருவர் உருவாக்கியது. ஜெனட் பேராசிரியர், டீஸ்டேல் முப்பதுகளில் இருந்த இளையவர். கட்டுரையில் முதல் பெயர், அதாவது முக்கிய இடம், டீஸ்டேலுடையது.

போன மாதம் அக்கா மகள் ஊருக்கு வந்தபோது அந்தப் பனையேறியின் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். கட்டிலில் சாய்ந்தபடியே கேட்டார்:

"மக்களே, எலி நடந்துதா?"

"மருந்து குடுத்ததுல கொஞ்சம் நடந்துது மாமா. குடுக்காததுலயும் அதே அளவு நடந்துது."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ அந்த மருந்து எனக்கு வேண்டாம். அத எழுதிப் போட்டியா?"

எழுதி அனுப்பியிருக்கிறாள். இன்னும் அச்சாகவில்லை.

நன்றி, வணக்கம்.