ஓய்வூதியத்துக்கு ஒரு மாதம் இருக்கையில்

(ஹிரோஷிமா நினைவுநாள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர்களில் ‘மிலிட்டரிக்காரர் வீடு’ என்று ஒரு வீடு இருக்கும். எங்கள் தெருவிலும் இருந்தது. வாசலில் உரம் போட்டு வளர்த்த குரோட்டன்ஸ், திண்ணைக்கு அடியில் பெயரும் எண்ணும் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி, மாதம் பிறந்தால் தவறாமல் வரும் பென்ஷன். அந்தப் பென்ஷன் எத்தனை பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறது, எத்தனை கல்யாணங்களைக் கரையேற்றியிருக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் இன்று நான் பேச வந்திருக்கும் மனிதரின் வாழ்க்கையில் ஒரு சிறு தகவல் என்னைப் பிடித்து நிறுத்தியது.

அவர் பெயர் ஆல்பர்ட் பிகெலோ. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பலுக்குத் தலைமை தாங்கியவர். 1952இல் கடற்படையின் ரிசர்வ் பிரிவிலிருந்து விலகினார். ஓய்வூதியத்துக்குத் தகுதி பெற அப்போது அவருக்கு இன்னும் ஒரு மாதமே இருந்தது. ஒரே ஒரு மாதம்! பொறுத்திருந்தால் ஆயுள் முழுவதும் பணம் வந்திருக்கும். அந்தப் பணத்தைக் கைநீட்டி வாங்க அவருக்கு மனம் வரவில்லை.

காரணம் ஏழு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1945 ஆகஸ்ட் 7. கப்பல் பேர்ள் துறைமுகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த செய்தி வந்தது. போர் இனி அறத்தின்படி இயலாத ஒன்று என்பதை அப்போதுதான் முதன்முதலாக உணர்ந்ததாகப் பின்னாளில் அவர் எழுதினார். வெற்றிச் செய்தி கேட்டு மகிழ வேண்டிய இடத்தில் நின்ற ஒரு படை அதிகாரியின் சொல் அது.

1955இல் ஹிரோஷிமாவில் முகமும் கைகளும் வெந்து உருக்குலைந்த இளம்பெண்கள் 25 பேர் அறுவை சிகிச்சைக்காக அமெரிக்கா அழைத்து வரப்பட்டார்கள். அவர்களில் இருவர் பிகெலோவின் வீட்டில் தங்கினார்கள். யோசித்துப் பாருங்கள். ஜப்பானோடு போரிட்ட ஒருவரின் சாப்பாட்டு மேசையில் அந்தப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் தன் மீதோ தன் நாட்டின் மீதோ துளியும் வன்மம் இல்லாததுதான் அவரை உலுக்கியது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து அவர் செய்ததைத்தான் உலகம் அறியும். 30 அடி நீளமுள்ள ஒரு பாய்மரப் படகு. அதற்கு ‘கோல்டன் ரூல்’ என்று பெயர். பிறர் உனக்கு எதைச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறாயோ அதையே நீ பிறருக்குச் செய் என்னும் பொன்விதி. பசிபிக் கடலில் மார்ஷல் தீவுகளுக்கு அருகே அமெரிக்கா அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்துக்கொண்டிருந்த காலம். 1946 தொடங்கி 1958 வரை அங்கே 67 முறை வெடித்தார்கள். 1954 மார்ச் 1 அன்று அங்குள்ள பிகினித் தீவில் வெடித்த குண்டின் சாம்பல், தொலைவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகில் இருந்த 23 பேர் மீதும் கொட்டியது. ஒருவர் அந்த ஆண்டே இறந்தார். அந்தக் கடலுக்குள் படகைச் செலுத்தி, குண்டு வெடிக்கும் இடத்தில் போய் நிற்பது என்று பிகெலோவும் மூன்று தோழர்களும் முடிவு செய்தார்கள். காந்தியின் வழியைக் கற்றவர்கள் அவர்கள். எந்த நாளில் புறப்படுகிறோம், எங்கே போகிறோம் என்பதை அதிபருக்கே முன்கூட்டிக் கடிதம் எழுதித் தெரிவித்தார்கள்.

1958 மார்ச் 25 அன்று கலிபோர்னியாவிலிருந்து புறப்பட்டார்கள். படகு நடுக்கடலில் இருக்கும்போதே அமெரிக்க அணுசக்தி ஆணையம் அவசர அவசரமாக ஒரு விதி கொண்டுவந்தது: சோதனைப் பகுதிக்குள் அமெரிக்கக் குடிமக்கள் நுழைவது குற்றம். நான்கு பேருக்காக ஒரு வல்லரசு சட்டம் எழுதியது! ஹவாய்த் தீவுகளின் ஹொனலுலு வந்து சேர்ந்தவர்கள் மே 1 அன்று மீண்டும் பாய் விரித்தார்கள். கடலோரக் காவல் படை மடக்கியது. ஜூனில் மறுபடியும் புறப்பட்டார்கள். இந்த முறை 60 நாள் சிறை.

அந்த வழக்கு நடந்தபோது நீதிமன்றத்தில் பார்வையாளராக உட்கார்ந்திருந்தவர் ஏர்ல் ரேனால்ட்ஸ் என்ற மானிடவியலாளர். ஹிரோஷிமாக் குழந்தைகளின் உடலில் கதிர்வீச்சு என்ன செய்தது என்பதை அரசுக்காக ஆராய்ந்தவர். அவரும் குடும்பமும் ஹிரோஷிமாவிலேயே கட்டிய தங்கள் படகில் ஜூலை 1 அன்று தடைசெய்யப்பட்ட கடலுக்குள் நுழைந்தே விட்டார்கள். பிகெலோ சிறையில் இருந்தார், அவருடைய பயணம் நிற்கவில்லை.

நம்மவர் ஒருவரும் இதே கடமைக்காகக் கடல் தாண்டியிருக்கிறார். 1962இல் ராஜாஜி, 83 வயதில், காந்தி அமைதி நிறுவனத் தூதுக்குழுவோடு வாஷிங்டன் சென்று அதிபர் கென்னடியிடம் அணுச் சோதனைகளை நிறுத்தச் சொல்லி வாதாடினார். மறு ஆண்டே வான், விண்வெளி, கடல் மூன்றிலும் சோதனைகளைத் தடுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது.

நண்பர்களே, படையில் இருந்தவர்கள் அமைதி பேசும்போது நான் ஏன் கூடுதலாகக் காது கொடுக்கிறேன்? கட்டளைக்குப் பணிவது எப்படியிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்திலும் பசிபிக் தீவுகளிலும் அணுச் சோதனைகளின்போது சிப்பாய்களை வரிசையாக உட்காரவைத்து, முதுகைத் திருப்பு, கண்ணை மூடு, கைகளால் பொத்து என்றார்கள். வெடித்த அந்த நொடியில், மூடிய இமைகளின் வழியே தங்கள் விரல் எலும்புகள் தெரிந்ததாக எத்தனையோ பேர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். பிறகு புற்றுநோய் வந்தது. மருத்துவரிடம்கூட எங்கே இருந்தோம் என்று சொல்ல முடியவில்லை. ரகசியம் காப்போம் என்ற உறுதிமொழியை அவர்களிடம் வாங்கியிருந்தார்கள். அமெரிக்காவில் அந்தக் கட்டு 1996இல்தான் அவிழ்ந்தது. மனைவியிடமும் சொல்லாமல் இறந்தவர்களை நினைக்கும்போது என்னால் அமைதியாகப் பேச முடியவில்லை, மன்னியுங்கள்.

அதே 1996இல், டிசம்பரில், அமெரிக்காவின் அணு ஆயுதப் படைகள் முழுவதற்கும் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற ஜெனரல் லீ பட்லர் மேடையேறி, இந்த ஆயுதங்களை அடியோடு ஒழிக்க வேண்டும் என்றார். எந்த ஊரின் மீது எந்தக் குண்டு என்ற இலக்குப் பட்டியலைக் கையில் வைத்திருந்தவர் அவர். 17 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 60 ஓய்வுபெற்ற தளபதிகள் அவரோடு குரல் கொடுத்தார்கள்.

நம் நாட்டில் அட்மிரல் ராம்தாஸ். 1971 போரில் ஐஎன்எஸ் பியாஸ் கப்பலைச் செலுத்தி வீர் சக்ரா பெற்றவர், பின்னர் கடற்படைத் தளபதி. பொக்ரான் வெடிப்பை நாடே கொண்டாடிய நாட்களில் எதிர்த்து நின்றார். எந்த நாட்டோடு போரிட்டாரோ அந்தப் பாகிஸ்தானின் மனித உரிமைப் போராளி ஐ.ஏ. ரஹ்மானுடன் 2004இல் மகசேசே விருதைப் பகிர்ந்துகொண்டார். 2024இல் மறையும்வரை அவர் பேசுவதை நிறுத்தவில்லை.

‘பதவியில் இருக்கும்போது வாய் திறக்காமல், ஓய்வு பெற்ற பின் ஞானம் பேசுகிறார்கள்’ என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அந்தத் தாமதத்தின் வலி அவர்கள் பேச்சிலேயே இருக்கிறது. ஆனால் காலம் கடந்தாவது வாய் திறந்த தளபதியை, கடைசிவரை மௌனம் காத்தவரோடு ஒரே தட்டில் வைக்க நான் சம்மதிக்கமாட்டேன். இன்றும் உலகில் 12,000க்கும் மேற்பட்ட அணுகுண்டுகள் இருக்கின்றன. அவற்றை உள்ளிருந்து அறிந்தவர்களின் சாட்சி நமக்கு வேண்டும்.

அந்தப் படகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கைமாறிக் கைமாறி, யாரும் கவனிக்காமல் கிடந்து, 2010இல் கலிபோர்னியாவின் ஹம்போல்ட் விரிகுடாவில் புயலில் மூழ்கியது. மேலே எடுத்தபோது மரப்பலகைகள் உடைந்து ஓட்டையாகக் கிடந்தது. ‘அமைதிக்கான முன்னாள் படைவீரர்கள்’ என்ற அமெரிக்க அமைப்பினர் அதைத் தேடி வந்தார்கள். வியட்நாம் போரைக் கண்டு நரைத்தவர்களும் தன்னார்வலர்களுமாகச் சேர்ந்து பலகை பலகையாக மாற்றினார்கள். 2015 ஜூனில் மீண்டும் நீரில் இறக்கினார்கள். 2019இல் அது மறுபடியும் ஹொனலுலு போய்ச் சேர்ந்தது.

அதன் செம்பழுப்புப் பாயில் வெள்ளையாக ஒரு சின்னம் இருக்கிறது. வட்டத்துக்குள் ஒரு நேர்க்கோடு, கீழே இரண்டு சாய்ந்த கோடுகள். டி-ஷர்ட்டுகளில் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தச் சின்னத்தோடு முதல் ஊர்வலம் இங்கிலாந்தில் 1958 ஏப்ரலில் புறப்பட்டது, பிகெலோவின் படகு ஹவாய்க்குப் பாதி வழியில் இருந்த அதே நாட்களில். கப்பல்களில் இரண்டு கைகளிலும் கொடி பிடித்துச் செய்தி சொல்லும் பழைய முறையிலிருந்து பிறந்தது அது. இரு கைகளையும் சாய்வாகக் கீழே நீட்டினால் ‘என்’. ஒரு கையை நேர் மேலேயும் மறு கையை நேர் கீழேயும் வைத்தால் ‘டி’. அணு ஆயுதக் களைவு என்பதன் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. கொடிமொழி கற்ற பழைய மாலுமி எவரும் தொலைவிலிருந்தே அந்தப் பாயைப் படித்துவிட முடியும்.