இல்லாத பிரேக்கைப் பிடிக்கும் கலை

நேயர்களுக்கு வணக்கம்.

மேசைமேல் ஓடும் மாதிரி ரயிலில் பிரேக் என்று ஒன்று கிடையாது. சக்கரத்தை இறுக்கும் கட்டையும் இல்லை, காற்றுக் குழாயும் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் எஞ்சினுக்குள் சிறு மோட்டார் ஒன்றும், அதன் சுழற்சியை அச்சுக்குக் கொண்டுபோகும் வார்ம் கியரும் இருக்கும். இந்தப் பற்சக்கரத்தில் மோட்டார்தான் சக்கரத்தைச் சுழற்றும்; சக்கரம் மோட்டாரைச் சுழற்றாது. அதனால் மின்சாரம் நின்றால் எஞ்சினும் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றுவிடும்.

நிஜ ரயில் இதற்கு நேர் எதிர். அமெரிக்காவில் நூறு பெட்டி நிலக்கரி ஏற்றிச் செல்லும் வண்டியின் எடை பத்தாயிரம் டன்னைத் தாண்டும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சரக்கு ரயில், அவசர பிரேக் போட்டாலும் நிற்க ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அதன் ஓட்டுநர் கண்ணெதிரே இருப்பதைப் பார்த்து நிறுத்துவதில்லை. இன்னும் வந்து சேராத இடத்துக்காக இப்போதே கையை நீட்டுகிறார். மாதிரி ரயிலை ஓட்டும் கை ரிமோட்டில் நிஜமான பிரேக் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்மையில் இந்த முன்யோசனையைத்தான் கேட்கிறார்கள்.

நிஜ ரயில் நிற்க எடுக்கும் அந்தத் தூரத்தை அப்படியே சுருக்கினால் ஆகுமா? மாதிரி ரயில்களில் ஹெச்.ஓ. என்னும் அளவு நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. 1,600 மீட்டரை 87-ஆல் வகுத்தால் பதினெட்டு மீட்டருக்கு மேல் வருகிறது. அவ்வளவு நீளமான அறை யார் வீட்டில் இருக்கிறது? ஆகவே தூரத்தை விட்டுவிட்டு நேரத்தைப் பிடித்துக்கொள்வதுதான் வழி.

அந்த வேலையைச் செய்வது எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் என்னும் மின்னணுப் பலகை. தண்டவாளம் வழியே எண்முறைக் கட்டளை அனுப்பும் டி.சி.சி. முறையில், டிகோடரில் நாம் எழுதிவைக்கும் சி.வி. 3 என்ற அமைப்பு வேகம் கூடும் நிதானத்தையும், சி.வி. 4 வேகம் குறையும் நிதானத்தையும் தீர்மானிக்கின்றன. சி.வி. 4-இல் 100 என்று எழுதினால், தர வரையறையின் கணக்குப்படி முழு வேகத்திலிருந்து நிற்பதற்குச் சுமார் 90 விநாடி ஆகும். இல்லாத பத்தாயிரம் டன்னை ஓர் எண்ணுக்குள் அடைத்துவிட்டார்கள்! பலர் இந்த எண்ணை உயர்த்திவிட்டு, ரயில் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று அலுத்துப்போய் மறுநாளே பழையபடி சுழியத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ரிமோட்டில் பிரேக்குக்கென அழுத்தும் விசை ஒன்றைச் சேர்க்காமல் சி.வி. 4-ஐ மட்டும் உயர்த்தினால் அப்படித்தான் ஆகும். இரண்டும் சேர்ந்தால்தான் ரசம்.

ஜெர்மனியின் ஈ.எஸ்.யூ. நிறுவனத்தின் லோக்சவுண்ட் 5 டிகோடரை எடுத்துக்கொள்வோம். அதில் வலிமையைத் தனித்தனியே வைத்துக்கொள்ளத்தக்க மூன்று பிரேக்குகள் உண்டு. ரிமோட்டின் வேகத் திருகியைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். டீசல் எஞ்சினின் இரைச்சல் தணிந்து வெறும் முனகலாகிறது. வண்டியோ தன்பாட்டுக்கு உருண்டுகொண்டே போகிறது. பிரேக் விசையை அழுத்தினால் இழுப்பு தெரிகிறது, வேகம் இறங்குகிறது. விசையை எடுத்தால் மிச்சமிருக்கும் வேகத்தில் மறுபடி உருள்கிறது. நடைமேடை நெருங்கும்போது இன்னும் ஒரு சிறு அழுத்தம். திருகியும் பிரேக்கும் இரு வேறு வேலைகள் என்பது அங்கேதான் விரலுக்குப் புரிகிறது.

அமெரிக்காவின் லயனல் நிறுவனம் தன் லெகசி ரிமோட்டில் இதற்கென ஒரு சறுக்கு விசையையே வைத்தது. (அந்நிறுவனத்தின் முந்தைய ரிமோட் முறையை 1990-களில் உருவாக்கியதில் பாடகர் நீல் யங்கிற்குப் பங்கு உண்டு. உடற்குறையுள்ள தம் மகனும் ரயிலோட்டி மகிழ வேண்டும் என்பதே அவருடைய தூண்டுதல்.) லெகசியின் சறுக்கு விசையை இழுத்தால் வேகம் படிப்படியாக இறங்கும், விட்டால், முன்பு வைத்திருந்த வேகத்துக்கே வண்டி திரும்பிவிடும். இப்படித் திருகியைக் குறைக்காமல், எஞ்சின் இழுத்துக்கொண்டிருக்கும்போதே பிரேக் போடும் பழக்கம் நிஜ ரயில்களிலும் உண்டு; வண்டி குலுங்காது, ஆனால் எரிபொருள் வீணாகும் என்று ரயில் நிறுவனங்கள் அதை விரும்புவதில்லை. ஆகவே முதலில் வேகத் திருகியைக் குறையுங்கள், பிறகு பிரேக்குக்குப் போங்கள்.

ஓரிடத்தில் மட்டும் இந்த ரிமோட்டுகள் நம்மை ஏய்க்கின்றன. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-இல் கொண்டுவந்த தானியங்கிக் காற்று பிரேக்கில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக் காற்றுத் தொட்டி உண்டு. வண்டி நெடுக ஓடும் காற்றுக் குழாயில் அழுத்தம் குறைந்தால் பிரேக் பிடிக்கும், மறுபடி ஏறினால் விடும். குழாய் அறுந்தாலும் வண்டி நிற்பதற்கு இந்தத் தலைகீழ் ஏற்பாடுதான் காரணம். ஆனால் அமெரிக்கச் சரக்கு ரயிலில் ஒருமுறை பிடித்த பிரேக்கை இன்னும் இறுக்கலாமே தவிர, கொஞ்சமாகத் தளர்த்த முடியாது. விட்டால் மொத்தமும் விடும். தொட்டிகளில் மீண்டும் காற்று நிறைய நேரமும் ஆகும். அடிக்கடி பிடித்துப் பிடித்து விடுகிற ஓட்டுநருக்கு இறக்கத்தில் காற்றே மிஞ்சாது. எஞ்சினுக்கு மட்டுமான தனி பிரேக்கைத்தான் மேலும் கீழும் நினைத்தபடி நகர்த்தலாம். நம் நாட்டு டீசல் எஞ்சின்களில் ஏ-9, எஸ்ஏ-9 என்று ஓட்டுநர்கள் சொல்லும் இரண்டு கைப்பிடிகளும் இதே பிரிவினைதான்: முன்னது முழு வண்டிக்கு, பின்னது எஞ்சினுக்கு.

ரிமோட்டின் சறுக்கு விசை எந்தத் தயக்கமும் இல்லாமல் இரு திசையிலும் நகர்கிறது. எனவே நீளமான சரக்கு ரயில் ஓட்டும்போது நான் எனக்கே ஒரு சட்டம் போட்டுக்கொள்கிறேன்: இழுத்த விசையைப் பாதியில் திருப்புவதில்லை. தவறாகக் கணித்தால் வண்டி நடைமேடைக்கு முன்னாலேயே நின்றுவிடும், நிற்கட்டும். ஒற்றை எஞ்சினோடு இரண்டு மூன்று பெட்டிகளைக் கிடங்கு வாசலில் சேர்க்கும்போது மட்டும் இஷ்டப்படி நகர்த்துகிறேன், அங்கே அது நியாயம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் சி.வி. 4-ஐ எடுத்த எடுப்பில் 100-க்குக் கொண்டுபோக வேண்டாம். முப்பது, நாற்பது போதும். கை பழகப் பழக ஏற்றிக்கொள்ளலாம். வீட்டுக்கு வரும் குழந்தைகளிடம் ரிமோட்டைக் கொடுப்பதற்கு முன் அவசர நிறுத்தப் பொத்தானைக் காட்டிவிடுங்கள். அது சி.வி. 4 சொல்வதை எல்லாம் சட்டை செய்யாது, எஞ்சினை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். நிஜ ரயிலில் அப்படி நடக்காதே என்று கேட்பீர்கள். எஞ்சின் மேசை விளிம்பை நோக்கிப் போகும்போது அதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவதில்லை.

நன்றி, வணக்கம்.